கொள்ளைக்கு முன் வீடு

‘வாட்டர்டீப்: டிராகன் ஹெய்ஸ்ட்’ 2018இல் வெளிவந்தது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டுக்காக விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் போட்ட சாகசப் புத்தகம். தலைப்பிலேயே கொள்ளை இருக்கிறது. வாட்டர்டீப் நகரத்துக்கு அடியில் ஐந்து லட்சம் தங்க நாணயங்கள் ஒளிந்திருக்கின்றன. மதில் சூழ்ந்த பிரபுக்களின் மாளிகைகளுக்கும் குறைவில்லை. இத்தனையும் இருந்தும் உள்ளே கொள்ளையைத்தான் காணோம். கிரால்ஹண்ட் குடும்பத்தின் மாளிகைக்குள் நுழையும் கட்டம் ஒன்று உண்டு. நாம் போய்ச் சேரும்போது அங்கே வேறொரு கும்பல் புகுந்து வெட்டுக்குத்து நடந்துகொண்டிருக்கும். வேவு பார்க்கவோ திட்டம் போடவோ அவகாசமே இல்லை. மற்றபடி ஒரு மாயக்கல்லைத் தேடி நகரமெங்கும் ஓடுகிறோம். கடைசியில் புதையலறையில் காவலிருக்கும் தங்க டிராகனிடம் பேசிப் பார்க்கிறோம், அல்லது அதனிடம் செத்துப்போகிறோம்.

இதில் பெரிய அநியாயம், நல்ல கொள்ளைக்கு வேண்டிய வீடு அதே புத்தகத்தில் சும்மா கிடப்பதுதான். காஸலான்டர் என்றொரு பிரபுத் தம்பதி. பெற்ற பிள்ளைகளின் ஆன்மாவைப் பிசாசுக்கு அடகு வைத்தவர்கள். பிசாசாகவே மாறிவிட்ட மூத்த மகனைப் பரணில் பூட்டி வைத்திருக்கிறார்கள். கீழே விருந்து, மேலே சங்கிலிச் சத்தம். இந்த வீட்டுக்கு முழு வரைபடமும் அறை விவரங்களும் தரப்பட்டிருக்கின்றன. ஆனால் புத்தகத்தில் வரும் நான்கு வில்லன்களில் ஒருவரைத்தான் ஆட்டத்தை நடத்தும் மாஸ்டர் தேர்ந்தெடுக்க வேண்டும். காஸலான்டர்களைத் தேர்ந்தெடுத்தாலும் அவர்கள் வீட்டுக்குள் போகும் கட்டாயம் கதையில் இல்லை. முதல் நிலையிலிருந்து ஐந்தாம் நிலை வரையிலான, இன்னும் பலம் சேராத பாத்திரங்களுக்காக எழுதப்பட்ட புத்தகம் இது. அந்தப் பலத்தோடு அங்கே போனால் பிழைத்து வருவதும் சந்தேகம். ஜஸ்டின் அலெக்சாண்டர் என்ற அமெரிக்க விளையாட்டு எழுத்தாளர் இந்தப் புத்தகத்தைப் பிரித்து மறுபடி கட்டினார். எல்லா வில்லன்களின் இருப்பிடங்களும் ஆட்டத்துக்குள் வந்தாக வேண்டும் என்பதே அவர் செய்த முதல் மாற்றம். வாங்கிய புத்தகத்தை இன்னொருவர் திருத்தித் தந்த பிறகுதான் தலைப்பு உண்மையாகிறது என்றால், குறை எங்கே என்று விளக்க வேண்டியதில்லை.

பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்கிறார்கள். ஆளுக்கொரு பாத்திரம். ‘டன்ஜன் மாஸ்டர்’ என்பவர் உலகத்தை விவரிக்கிறார். மற்றவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்பதை வாயால் சொல்கிறார்கள். சந்தேகம் வரும் இடத்தில் பகடை தீர்மானிக்கிறது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் இதை அச்சில் கொண்டுவந்தார்கள். மறு ஆண்டே ‘கிரேஹாக்’ துணைநூலில் திருடன் ஒரு தனிப் பாத்திர வகையாக வந்துவிட்டான். திருடன் இவ்வளவு சீக்கிரம் வந்தும், அவன் திருடுவதற்கு ஏற்ற வீட்டை அமைக்கும் கலை இன்றுவரை தடுமாறிக்கொண்டுதான் இருக்கிறது. ஏன்?

தடுமாற்றத்தின் வேர் சினிமாவில் இருக்கிறது என்பது என் கணிப்பு. கொள்ளைப் படங்களில் ஒரு பழைய உத்தி உண்டு: பலிக்கப்போகும் திட்டத்தைப் பார்வையாளனிடம் முழுதாகச் சொல்லக் கூடாது. ‘ஓஷன்ஸ் லெவன்’ படத்தில் (2001) ஆயுதம் தாங்கிய காவல்படை என்று நாம் நம்பியவர்கள் திருடர்களேதான் என்பது பணம் வெளியே போன பிறகுதான் தெரிகிறது. அந்தத் திகைப்புதான் நாம் டிக்கெட்டுக்குக் கொடுத்த காசு. ஆனால் மேசையில் உட்கார்ந்திருப்பவர் பார்வையாளர் அல்ல, அவர்தான் திருடர். தன் திட்டத்தைத் தானே அறியாமல் அவர் திகைக்க முடியாது. அவருக்குக் கிடைக்கக்கூடிய இன்பம் வேறு: ஒரு வீட்டை மெல்ல மெல்ல அறிந்து, அதன் வழக்கத்தில் ஒரு இடுக்கைக் கண்டுபிடித்து, அதில் தன்னை நுழைத்துக்கொள்ளும் இன்பம். அதற்கு அந்த வீடு முன்கூட்டியே இருந்தாக வேண்டும். யாரும் பார்க்காத நேரத்திலும் அது தன் போக்கில் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். இந்த அளவுகோலை வைத்துக்கொண்டுதான் மற்றவற்றை எடைபோடப் போகிறேன்.

அரண் கொண்ட மாளிகை என்றதும் வடிவமைப்பாளர்கள் பலர் ரிசர்வ் வங்கிப் பெட்டகத்தை வரைந்துவிடுகிறார்கள். நிஜ மாளிகைகள் அப்படி இருந்ததில்லை. இங்கிலாந்தின் ஷ்ரோப்ஷயரில் ஸ்டோக்ஸே என்றொரு மாளிகை இன்றும் நிற்கிறது. லட்லோ ஊர்க்காரரான லாரன்ஸ் என்ற கம்பளி வியாபாரி 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டியது. மதிலில் கொத்தளம் வைத்துக்கொள்ள 1291இல் மன்னர் முதலாம் எட்வர்டிடம் அனுமதி வாங்கினார். அகழி உண்டு, கோபுரம் உண்டு. ஆனால் பெருங்கூடத்தின் ஜன்னல்களைப் பார்த்தால், முற்றுகைக்குப் பயந்தவன் கட்டிய வீடு என்று யாரும் சொல்லமாட்டார்கள், அவ்வளவு பெரியவை. எஜமானரின் தனியறைக்குப் போகும் படிக்கட்டு வெளிப்புறமாக ஏறுகிறது. அந்த அறையின் கணப்பருகே சுவரில் சின்னத் துவாரங்கள். அவற்றின் வழியே கீழே கூடத்தில் யார் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கலாம். 1645இல் உள்நாட்டுப் போரின்போது நாடாளுமன்றப் படை வந்து நின்றதும் பெரிய சண்டையில்லாமலே மாளிகை சரணடைந்தது. அதன் பெரும்பகுதி இன்றும் நிற்கிறது.

சாகசம் எழுதுபவர் இந்த ஒரு வீட்டிலிருந்து எடுத்துக்கொள்ள எவ்வளவோ இருக்கிறது. மதில் பாதி பாதுகாப்பு, பாதி அந்தஸ்து. பலவீனம் என்பது வடிவமைப்பாளர் கருணையோடு விட்டுவைத்த ஓட்டையாக இருக்கக் கூடாது. வீட்டாரின் சௌகரியத்தால் தானாக உண்டானதாக இருக்க வேண்டும். வெளிச்சம் வேண்டும், ஆகவே ஜன்னல் பெரிது. விறகும் தண்ணீரும் தினமும் வந்தாக வேண்டும், ஆகவே பின்கட்டுக் கதவு பகலெல்லாம் திறந்தே கிடக்கும். கழிப்பறைக் குழாய் எங்காவது வெளியே வந்துதானே ஆக வேண்டும்? எஜமானரின் துவாரம் திருடனுக்கு ஆபத்து. அவனே மேலே போய்விட்டால் அதுவே அவனுக்குக் கண். இன்னொன்று: இடைக்காலப் பெருவீடுகளில் வேலைக்காரர்கள் பலர் படுத்துத் தூங்கியது பெருங்கூடத்தில்தான். இரவில் வீடு காலியாகிவிடும் என்று நம்பி நுழையும் திருடன், இருட்டில் முப்பது பேரின் காலை மிதிக்க வேண்டியிருக்கும். விருந்து நாளில் ஆள் அதிகம், ஆனால் முகங்கள் பழக்கமில்லாதவை. சாதாரண நாளில் ஆள் குறைவு, ஆனால் ஒவ்வொருவரும் மற்றவரை அறிந்தவர். எந்த இரவில் நுழைவது என்ற கேள்வி அப்போதுதான் உண்மையான கேள்வியாகிறது.

வேடிக்கை என்னவென்றால், இதைப் பாதியாவது புரிந்துகொண்ட சாகசம் 1978லேயே வந்துவிட்டது. கைகாக்ஸ் எழுதிய ‘ஸ்டெடிங் ஆஃப் த ஹில் ஜயன்ட் சீஃப்’. பெரிய மரத்தடிகளால் கட்டிய அரக்கர் தலைவன் மாளிகை. கைகாக்ஸ் அதைத் தண்டனைப் படையெடுப்பாகத்தான் நினைத்தார். பெரும்பாலோர் ஆடியதும் அப்படித்தான். ஆனால் உள்ளே ஒரு வீட்டின் வாழ்க்கை இருக்கிறது. வாசல் காவலர்கள் குடித்துவிட்டுத் தூங்குகிறார்கள். பெருங்கூடத்தில் விருந்து முழங்குகிறது. வீட்டுக் கூட்டத்தில் பெரும்பகுதி அங்கேதான். ஓர் அறையில் அரக்கப் பிள்ளைகள் புரண்டு சண்டை போட்டு விளையாடுகிறார்கள். நிலவறையில் அடிமைகள் கலகம் செய்து ஒரு பகுதியைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். அவர்களோடு கூட்டுச் சேரலாம். எத்தனை பேர், எங்கே, எந்த நிலையில் என்பது ஒரே இரவின் படமாக இருக்கிறது. கொள்ளை என்ற பெயரே இல்லாத இந்தச் சாகசம், அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்ட பின்னாள் புத்தகத்தைவிடக் கொள்ளைக்குப் பொருத்தமாக இருக்கிறது. குறை, அது உறைந்துபோன ஒற்றை இரவு. நேற்று வந்து பார்க்க வழியில்லை, நாளைக்கு ஒத்திவைக்கவும் வழியில்லை.

அந்த நேற்றை 2023இல் வந்த ‘கீஸ் ஃப்ரம் த கோல்டன் வால்ட்’ தந்தது. பதிமூன்று கொள்ளைகள் கொண்ட தொகுப்பு. இதன் மிகச் சிறந்த யோசனை மிக எளிமையானது: ஒவ்வொரு சாகசத்துக்கும் இரண்டு வரைபடங்கள். மாஸ்டரிடம் முழுப் படம். விளையாடுவோரிடம் வேலை கொடுத்தவர் தந்த படம். அதில் சில அறைகளும் பொறிகளும் விடுபட்டிருக்கும். இந்த ஒரு காகிதம் மேசையின் இயல்பையே மாற்றிவிடுகிறது. எல்லோரும் குனிந்து பார்க்கிறார்கள், விரலால் தொட்டுக் காட்டுகிறார்கள், ‘இந்தச் சுவர் ஏன் இவ்வளவு தடிமன்’ என்று கேட்கிறார்கள். பாதி தெரிந்த வீடு முழுதும் தெரியாத வீட்டைவிட ஆசையைத் தூண்டும். முதல் சாகசத்தில் ஓர் அருங்காட்சியகம். அங்கிருக்கும் முட்டை பொரிந்து விபரீதம் ஆவதற்குள் அதைக் கடத்தி வர வேண்டும். பகலில் சாதாரணப் பார்வையாளராக உள்ளே போய் நோட்டம் விடலாம், மாலை விருந்தில் கலந்துகொள்ளலாம். அது மாளிகையாக இல்லாவிட்டாலும், மாளிகைக் கொள்ளைக்கு வேண்டிய இலக்கணம் அந்தச் சில பக்கங்களில் இருக்கிறது.

தொகுப்பு முழுக்க இந்தத் தரம் இல்லை. நிஜமான மாளிகை வரும் ‘ரீச் ஃபார் த ஸ்டார்ஸ்’ சாகசத்தில் டெல்பி மாளிகைக்குள் ஒரு நூலைத் திருடப் போகிறோம். போய்ப் பார்த்தால் அது வேற்றுலகச் சக்தி புகுந்து சிதைத்த பேய்வீடு. சமையல்காரனை ஏமாற்றவோ காவலனின் முறை மாறும் நேரத்தைக் கணக்கிடவோ அங்கே வாய்ப்பில்லை. அறைக்கு அறை ஒரு பயங்கரம் காத்திருக்கிறது. நடுக்கம் தருகிற சாகசம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஏமாற்ற ஆளில்லாத வீட்டில் கொள்ளை ஏது? அறைக்குள் கட்டிப்போட்ட எதிரி என்ற பழைய பழக்கம் அங்கே திரும்பி வந்துவிட்டது. அலெக்சாண்டர் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் மருந்து இதற்குத்தான்: எதிரிகளை அறைக் குறிப்பில் எழுதாதீர்கள், தனித் தாளில் குழு குழுவாக எழுதுங்கள், ஒவ்வொரு குழுவும் எந்த நேரத்தில் எங்கே இருக்கும், சத்தம் கேட்டால் எங்கே ஓடும் என்று குறித்து வையுங்கள். ஒரே ஒரு தாள்தான். அதை அச்சிட அந்தத் தொகுப்பில் இடமில்லாமல் போயிருக்க முடியாது.

இனி பகடையின் கணக்கு. இதைச் சரியாகப் போடாத சாகசம், வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும், முதல் தாழ்வாரத்திலேயே செத்துவிடும். ஐந்து பேர் பதுங்கிப் போகிறார்கள். ஒவ்வொருவருக்கும் 70 சதவீத வெற்றி வாய்ப்பு, தாராளமான எண்தான். ஐவரும் தனித்தனியே வெல்ல வேண்டும் என்றால் அனைவரும் தப்பும் வாய்ப்பு ஏறக்குறைய 17 சதவீதம். ஆறில் ஐந்து முறை முதல் முயற்சியிலேயே மாட்டிக்கொள்வார்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் விதிநூலில் குழுச் சோதனை என்று ஒன்று இருக்கிறது: பாதிப் பேராவது வென்றால் குழு வென்றதாகக் கொள்ளலாம். அப்போது அதே ஐவரின் வாய்ப்பு ஏறக்குறைய 84 சதவீதமாகிவிடுகிறது. ஆனால் மாளிகையில் ஒரு தாழ்வாரம் மட்டும் இல்லையே. நான்கு முறை இப்படிக் கடக்க வேண்டும் என்றால் அந்த 84, பாதிக்கும் கொஞ்சம் கீழே வந்துவிடும். ஆகவே ஒரு தோல்வி வந்தவுடன் மணி அடித்து மொத்தக் காவலும் ஓடிவரும் என்று எழுதும் சாகசம், ‘கடைசியில் சண்டைதான்’ என்று முன்பே தீர்மானித்துவிட்டது. விளையாடுவோரிடம் அதை மறைக்கிறது, அவ்வளவுதான்.

இதற்கு நல்ல விடை ஜான் ஹார்ப்பரின் ‘பிளேட்ஸ் இன் த டார்க்’ (2017) விளையாட்டில் இருக்கிறது. ஒரு வட்டத்தை நான்காகவோ ஆறாகவோ எட்டாகவோ பிரித்து ‘காவலரின் சந்தேகம்’ என்று பெயரிட்டு மேசை நடுவே வைக்கிறார்கள். தவறு நேரும்போதெல்லாம் ஒரு பகுதியோ அதற்கு மேலோ நிரம்புகிறது. வட்டம் முழுதாக நிரம்பும்போதுதான் எச்சரிக்கை மணி. எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி ஆபத்து வளர்கிறது. இது எந்த விளையாட்டுக்கும் பொருந்தும். எடுத்துக்கொள்ளத் தயங்க வேண்டியதில்லை.

ஆனால் ஹார்ப்பரின் பெயர் பெற்ற கண்டுபிடிப்பு அது அல்ல, ஃப்ளாஷ்பேக். மேசையில் திட்டம் போடும் கட்டம் மணிக்கணக்காக இழுக்கும். முக்கால்வாசி யோசனை பயன்படாது. இது நெடுநாள் புகார். ஹார்ப்பர் அந்தக் கட்டத்தையே வெட்டிவிட்டார். நேரடித் தாக்குதல், ஏமாற்று, பதுங்கல் என்று ஆறு வகைத் திட்டங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், ஒரே ஒரு விவரம் சொல்லுங்கள், பகடை உருட்டுங்கள், வேலை தொடங்கிவிட்டது. நடுவில் பூட்டிய கதவு வந்தால், ‘நேற்றே வேலைக்காரிக்குக் காசு கொடுத்துச் சாவியின் அச்சை எடுத்துவிட்டேன்’ என்று பின்னோக்கிப் போய்க் காட்டலாம். சாதாரண ஏற்பாட்டுக்கு விலை இல்லை. சிக்கலானதற்கு மன அழுத்தப் புள்ளிகளில் ஒன்றோ இரண்டோ, அதற்கு மேலோ கொடுக்க வேண்டும். 2010இல் வந்த ‘லெவரேஜ்’ விளையாட்டிலேயே ஃப்ளாஷ்பேக் இருந்தது. ஹார்ப்பரின் கையில்தான் அது கூர்மையானது.

இதன் நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒரே மாலையில் ஒரு கொள்ளை தொடங்கி முடிகிறது. திட்டமிடத் தெரியாத வீரரும் திட்டமிட்ட திருடனாக நடிக்க முடிகிறது. விலை இருப்பதால் அது வெறும் சலுகையாகவும் இல்லை. ஆனால் என் அளவுகோலில் வைத்தால் ஒரு பெரிய இழப்பு தெரிகிறது. சாவியை வைத்திருக்கும் வேலைக்காரி, நான் அவளைச் சொல்லும் கணம் வரை அந்த வீட்டில் இல்லை. நான் அவளைக் கண்டுபிடிக்கவில்லை, உண்டாக்கினேன். வீடு என் வசதிக்கு ஏற்ப வளர்கிறது. மாளிகையை ஏமாற்றிய திருப்திக்குப் பதில் கிடைப்பது, மாளிகையை ஏமாற்றியதாக நல்ல கதை சொன்ன திருப்தி. இரண்டும் ஒன்று என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சினிமாப் பார்வையாளனின் திகைப்பைத் திருடனின் நாற்காலியில் உட்கார வைக்கும் முயற்சி இது. சாமர்த்தியமான முயற்சிதான். ஆனால் திருடனுக்கு வேண்டியது திகைப்பு அல்லவே.

திட்டமிடல் இழுப்பதற்கான காரணத்தையும் ஹார்ப்பர் சற்றுத் தப்பாகக் கணித்தார் என்று நினைக்கிறேன். விளையாடுவோர் மணிக்கணக்காக வாதிடுவது அவர்களிடம் விவரம் இல்லாததால். காவல் எத்தனை மணிக்கு மாறும், நாய் இருக்கிறதா, எஜமானி எந்த நாளில் கோயிலுக்குப் போவாள் என்பது தெரிந்தால் பத்து நிமிடத்தில் முடிவெடுப்பார்கள். தெரியாதபோது ‘ஒருவேளை’க்கு மேல் ‘ஒருவேளை’யாக அடுக்கிக்கொண்டே போவார்கள். விவரத்தைப் பொத்திப் பொத்தி வைக்கும் மாஸ்டர் அந்த மூன்று மணி நேரத்தைத் தானே வரவழைத்துக்கொள்கிறார். வேவு பார்க்கும் ஒவ்வொரு முயற்சிக்கும் கைநிறைய உண்மை கொடுங்கள், பிரபு ஊருக்குத் திரும்பும் நாளைக் கெடுவாக வையுங்கள். இழுப்பு தானாகக் குறையும்.

நம்மிடமே ஒரு பழைய சாட்சி இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில், கோவலனைக் கொல்லத் தயங்கும் காவலரிடம் பொற்கொல்லன் கள்வரின் துணைகளை எட்டாக அடுக்குகிறான்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம் என்று நான்கு, தந்திரம், இடம், காலம், கருவி என்று நான்கு. அத்தோடு ஒரு திருட்டையும் சொல்கிறான்: பகலில் தூதன் வேடத்தில் அரண்மனை வாசலில் இருந்து, இரவில் பெண் வேடத்தில் புகுந்து, விளக்கின் நிழலிலேயே நகர்ந்து, தூங்கும் இளவரசனின் ஆரத்தைக் கவர்ந்த கள்வன். சொல்பவனே திருடன் என்பது இளங்கோவின் குறும்பு. ஆனால் அந்தச் சின்னக் கதையில் வேவு உண்டு, இரு வேடம் உண்டு, வீட்டின் வெளிச்சம் எங்கே விழுகிறது என்ற அறிவு உண்டு. எட்டில் பின் நான்கும் அங்கே நிறைந்திருக்கின்றன.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் பலவீனம் மற்ற நான்கில், குறிப்பாக மந்திரத்தில். இரண்டாம் நிலை மந்திரத்திலேயே கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். நான்காம் நிலை மந்திரத்தில் 500 அடி தூரம் ஒரே கணத்தில் தாவலாம். அகழியும் மதிலும் அதன்முன் கோலம் போட்ட கோடுகள்தான். உயர்நிலைப் பாத்திரங்களுக்கு மாளிகைக் கொள்ளை எழுதுபவர்கள், ‘இங்கே அந்த மந்திரம் வேலை செய்யாது’ என்று தடை போட்டுத் தப்பிக்கிறார்கள். சம்பாதித்த சக்தியைப் பிடுங்குவது சோம்பேறித்தனம். விதிநூலிலேயே சரியான முன்மாதிரி இருக்கிறது: பூட்டைத் திறக்கும் ‘நாக்’ மந்திரம், 2014 பதிப்பின்படி, 300 அடி தூரம் வரை கேட்கும் சத்தத்தோடுதான் திறக்கும். திறக்கலாம், ஆனால் விலை உண்டு. எல்லா மந்திரத்துக்கும் இப்படியொரு விலை வைக்க முடியாது என்பதால், இந்த விளையாட்டில் மாளிகைக் கொள்ளைக்கு ஏற்ற காலம் பாத்திரத்தின் முதல் ஆறு நிலைகள்தான் என்பேன். அதற்கு மேலே திருட வேண்டியது வீடுகளை அல்ல.

இனி தீர்ப்பு. ‘டிராகன் ஹெய்ஸ்ட்’ நல்ல நகரப் புத்தகம், மோசமான கொள்ளைப் புத்தகம். காஸலான்டர் மாளிகையை மட்டும் அதிலிருந்து திருடிக்கொள்ளலாம். ‘கோல்டன் வால்ட்’ சமமில்லாத தொகுப்பு. ஆனால் இரட்டை வரைபடமும் முதல் சாகசமும் போதும், அதற்கு முதலிடம் கொடுக்க. ‘பிளேட்ஸ்’ இவற்றையெல்லாம்விடத் தேர்ந்த விளையாட்டு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் அரண் கொண்ட மாளிகை என்ற குறிப்பிட்ட பொருளுக்கு அதை இரண்டாவதாகத்தான் வைப்பேன். அதன் விதியிலேயே ஒரு கதவு திறந்திருக்கிறது: மேசையில் நிகழ்ந்துவிட்டதை ஃப்ளாஷ்பேக்கால் அழிக்க முடியாது. காவலன் எதிரே நிற்கிறான் என்று சொல்லியாகிவிட்டால் அவனை இல்லாமல் ஆக்க முடியாது. அவனுக்கு நேற்றே காசு கொடுத்ததாகத்தான் காட்ட முடியும். அப்படியென்றால் வீட்டைப் பற்றி முன்கூட்டி எவ்வளவு அதிகம் நிறுவுகிறோமோ, அவ்வளவுக்கு ஃப்ளாஷ்பேக்கும் உண்மையான திருட்டாகிவிடும். வேலைக்காரியின் பெயரும் அவள் சந்தைக்குப் போகும் நாளும் முன்பே எழுதப்பட்டிருந்தால், அவளிடம் சாவி அச்சு வாங்கியது இட்டுக்கட்டல் ஆகாது.

ஆகவே மாளிகைக் கொள்ளை எழுத உட்காருபவர் முதலில் வீட்டை எழுதட்டும்: ஒரு வரைபடம், அதன் குறைப்பிரதி, யார் எந்த மணிக்கு எங்கே என்ற ஒரு தாள். அதன் பிறகு சந்தேக வட்டம் ஒன்றும், தலைக்கு ஒன்றோ இரண்டோ ஃப்ளாஷ்பேக்கும் கொடுக்கலாம். இரண்டுக்கு மேல் கொடுக்க வேண்டாம்.